ஜெயா அருணாசலம் காட்டிய வழி நம் அடுக்குமாடி புளோக்குகளுக்கும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய மோசடியில் சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள், உரிமமின்றிக் கடன் கொடுக்கும் கடன் முதலைகளிடம் சிக்கியவர்கள், தங்கள் வங்கிக் கணக்கைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தில் நிற்பவர்கள் ஆகியோரைப் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்துவருகிறேன். அவர்களில் குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்தும் நம் மக்களும், ஊரில் கடன் வைத்துவிட்டு இங்கு வந்து உழைக்கும் வெளிநாட்டு ஊழியர்களும் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் சென்னையில் வாழ்ந்து மறைந்த ஜெயா அருணாசலம் அம்மையாரின் நினைவு எனக்கு வருகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வங்கியின் முகப்பில் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் வட்டார வாடகை வீடுகளில் வசிப்போருக்குப் படிவம் நிரப்பித் தருகிறேன், வந்த கடிதங்களைப் படித்துச் சொல்கிறேன். அந்த அம்மையார் செய்த பணியிலிருந்து சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

காங்கிரஸ் கட்சியில் செயல்பட்டுவந்த அவர், அரசியலைவிட்டு விலகி, 1978ஆம் ஆண்டு சென்னையில் ‘ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ என்ற உழைக்கும் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். பூ, காய்கறி, மீன், இட்லி விற்றுப் பிழைத்த பெண்களே அதன் உறுப்பினர்கள். அவர்களிடம் உழைப்பு இருந்தது, வாடிக்கையாளர்களும் இருந்தார்கள்; விடியற்காலையில் மொத்தச் சந்தையில் சரக்கெடுக்க முதல் மட்டும் இல்லை. வட்டிக்காரர் 100 ரூபாய்க் கடன் என்று சொல்லி, 10 ரூபாயைப் பிடித்துக்கொண்டு, 90 ரூபாயைக் கையில் வைப்பார். பொழுது சாய்வதற்குள் முழு 100 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதை ரன் வட்டி என்பார்கள். தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று இதன் உறவுக்காரர்கள் இன்னும் பலர் உண்டு. நாளெல்லாம் வெயிலில் உட்கார்ந்து சம்பாதித்ததில் ஒரு பங்கை வட்டிக்காரரின் பைக்குள் போட்டுவிட்டு, மறுநாள் விடிந்ததும் அதே மனிதரின் முன்னால் மீண்டும் போய் நிற்பதுதான் அந்தப் பெண்களின் அன்றாடம்.

இத்தனைக்கும் வங்கிக் கதவு அவர்களுக்குச் சட்டப்படி மூடியிருக்கவில்லை. 1969ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டன. பரம ஏழைகளுக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டியில் கடன் தர வேண்டும் என்ற திட்டமும் 1972ஆம் ஆண்டு முதல் இருந்தது. ஒரு நாளுக்குப் பத்து ரூபாய் வட்டி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பூக்காரிக்கு, ஆண்டுக்கே நூற்றுக்கு நான்கு ரூபாய் வட்டியில் கடன் அருகிலிருந்த கட்டடத்தில் காத்திருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் போய் எந்த மேசையில் கேட்பது, படிவத்தில் என்ன எழுதுவது, யாரைப் பிணை காட்டுவது என்பது அவருக்குத் தெரியாது. ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டுப் போனாலும், ‘நாளைக்கு வா’ என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும்.

ஜெயா அருணாசலம் இந்த இடைவெளியில்தான் கை வைத்தார். ஒரே தெருவில் அல்லது ஒரே குடியிருப்பில் இருக்கும் பெண்களைப் பத்து இருபது பேர் கொண்ட குழுக்களாகச் சேர்த்தார். குழுவின் தலைவியும் அவர்களில் ஒருத்தியாக, அவர்களைப் போலவே விற்றுப் பிழைப்பவளாக இருந்தார். ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் பிணை. படிவம் நிரப்புவதிலும், வங்கிக்கு அழைத்துச் செல்வதிலும், தவணை தவறாமல் பார்த்துக்கொள்வதிலும் தலைவி துணைநின்றாள். இவ்வளவு செய்தும் வங்கிகளின் தாமதமும் அலட்சியமும் தீரவில்லை என்பதால், 1981ஆம் ஆண்டு அந்தப் பெண்கள் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கிக்கொண்டார்கள். இந்திய அரசு 1987ஆம் ஆண்டு ஜெயா அருணாசலத்துக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2019ஆம் ஆண்டு அவர் காலமானார். அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சிறுகடனைப் பற்றியே பேசுகிறார்கள். நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது அந்தக் குழுத்தலைவியைத்தான். முகப்புக்கு இந்தப் பக்கம் எத்தனை பேர் தயங்கித் தயங்கித் திரும்பிப் போனார்கள் என்பதை அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

அவர்களில் ஒருவரைத் திருப்பி அனுப்பியது நானே. 1990களின் தொடக்கத்தில், ஒரு மாதக் கடைசி நாளில், உணவங்காடியில் தட்டுக் கழுவும் ஒரு தமிழ்ப் பெண்மணி என் முகப்புக்கு வந்தார். புடவை முந்தானையில் முடிந்துவைத்திருந்த நோட்டுகளை அவிழ்த்து வைத்து, கணக்குத் திறக்க வேண்டும் என்றார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைரேகையை ஏற்றுக்கொள்ள விதிகளில் இடம் இருந்தது. ஆனால் மேலதிகாரி ஒருவர் சாட்சியாக வர வேண்டும், தனியாக ஒரு படிவம் எழுத வேண்டும், இருபது நிமிடமாவது பிடிக்கும். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. “கையெழுத்துப் போடத் தெரிஞ்ச யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்கம்மா” என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் நோட்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்து, மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அதன் பிறகு அவர் வரவில்லை. அந்த முந்தானை முடிச்சு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1974ஆம் ஆண்டு, அகமதாபாத்தில் இலா பட் அம்மையாரின் முயற்சியில், கூலி வேலை செய்யும் பெண்கள் 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு ‘சேவா’ வங்கியைத் தொடங்கியிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களை வைத்துக்கொண்டு எப்படி வங்கி நடத்துவது என்று கேட்டவர்களுக்கு, கையெழுத்துக்குப் பதிலாகக் கணக்குப் புத்தகத்தில் உறுப்பினரின் புகைப்படத்தை வைத்து அவர்கள் வழி கண்டார்கள். இதை நான் பணி ஓய்வுக்குப் பிறகுதான் படித்தறிந்தேன். முப்பதாண்டு வங்கிப் பணியில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை என்பதைக் குறையாக அல்ல, வருத்தமாகவே குறிப்பிடுகிறேன்.

சிங்கப்பூர் வேறு என்று வாசகர்கள் சொல்லக்கூடும், அது சரிதான். சிறு சேமிப்பாளருக்கான அஞ்சலகச் சேமிப்பு வங்கி இங்கு 1877ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. பள்ளியில் சேமிப்பு முத்திரை ஒட்டிப் பழகிய தலைமுறை என்னுடையது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் சிறு வணிகர்களுக்குக் கைமாற்றுக் கொடுத்த காலத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். இன்று வயதுவந்த எவரையும் வங்கிக் கணக்கு இல்லாதவராக இங்கு காண்பது அரிது. 2017ஆம் ஆண்டு வந்த பேநவ் வழியாகக் கைப்பேசி எண்ணுக்கே பணம் போய்ச் சேருகிறது. ஆகவே கணக்குத் திறந்து கொடுப்பது நமக்கு இனி ஒரு பெரிய வேலை அல்ல. திறந்த கணக்கு உரியவரின் கைக்கு அடங்கியிருக்கிறதா என்பதை இனி யார் பார்ப்பது என்பதே என் கேள்வி.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, 58 வயதுத் துப்புரவுப் பணியாளர் ஒருவர், காலை ஐந்து மணிக்குத் தொடங்கிய வேலையை முடித்துவிட்டு, சீருடையோடு புளோக்கின் கீழ்த்தளத்தில் நாங்கள் போட்டிருந்த மேசைக்கு வந்தார். ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பைக்குள் வங்கியிலிருந்து வந்த கடிதங்கள் நான்கு, பிரிக்காமலே இருந்தன. கைப்பேசி, மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. திரையின் மேல்மூலையில் விரிசல். மகன் கைப்பேசியை மாற்றிக் கொடுத்தபோது எண்ணையும் மாற்றிவிட்டதால், பழைய எண்ணோடு பதிவாகியிருந்த வங்கிச் செயலி திறக்கவில்லை. ஏடிஎம் அட்டையின் காலம் முடிந்திருந்தது; புதிய அட்டை அவர் முன்பு குடியிருந்த முகவரிக்குப் போயிருந்தது. “காசு என் பேருலதான் இருக்குக்கா, என் கைக்குத்தான் வரமாட்டேங்குது” என்றார். இரண்டு வாரமாக உடன் வேலை செய்பவரிடம் கடன் வாங்கிச் சமையல் சாமான் வாங்கியிருக்கிறார். நான்கு கடிதங்களையும் பிரித்துப் படித்தேன். இரண்டு, அட்டை பற்றியவை; ஒன்று, முகவரியை உறுதிப்படுத்தச் சொன்னது; நான்காவது, கணக்கில் சராசரி இருப்பு குறைந்ததற்காக மாதந்தோறும் கட்டணம் பிடிக்கப்படுவதைத் தெரிவித்தது. திங்கட்கிழமை அவரோடு கிளைக்குச் சென்றேன். முகவரி, எண், அட்டை மூன்றும் நாற்பது நிமிடத்தில் சரியாயின. கேட்டுக்கொண்டதன் பேரில் கட்டணத்துக்கும் விலக்குக் கொடுத்தார்கள். அந்தக் கிளை ஊழியர் மிகுந்த பொறுமையோடு நடந்துகொண்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். கேட்கத் தெரிந்தால் கிடைக்கக்கூடிய உதவிதான் அது. ஆனால் அந்த அம்மா தனியாக வந்திருந்தால் முதலில் இயந்திரத்தில் வரிசை எண் எடுப்பதிலேயே தடுமாறியிருப்பார்.

2024ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், இணைய வங்கிச் சேவைக்குள் நுழையக் குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை மறைச்சொல்லைப் படிப்படியாக நிறுத்தி, கைப்பேசியிலுள்ள வங்கிச் செயலியிலேயே அடையாளத்தை உறுதிசெய்யும் மின்னிலக்க டோக்கனைப் பயன்படுத்துமாறு அறிவித்தன. மோசடிக்காரர்கள் மறைச்சொல்லைப் பேசிப் பேசியே வாங்கிவிடுகிறார்கள் என்பதால் அந்த மாற்றம் தேவையானதே. அதை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். ஆனால் அதன் பிறகு கைப்பேசியே வீட்டுச் சாவி ஆகிவிட்டது. பழைய கைப்பேசியை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் அந்தச் சாவி யாரிடம் இருக்கும் என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

கடன் விஷயத்திலும் இதே நிலைதான். உரிமம் பெற்ற கடன் கொடுப்போருக்கு 2015ஆம் ஆண்டு அக்டோபர் முதல் மாத வட்டி உச்சமாக 4 விழுக்காடு, நிர்வாகக் கட்டணம் கடன் தொகையில் உச்சமாக 10 விழுக்காடு, தாமதக் கட்டணம் மாதத்துக்கு 60 வெள்ளிக்கு மேல் கூடாது, எல்லாக் கட்டணங்களும் வட்டியும் சேர்ந்து அசலைத் தாண்டக் கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. இது உண்மையான வேலி. கந்துவட்டிக்கு வேலியே இல்லாத ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனாலும் 500 வெள்ளி கடன் வாங்குபவர், நிர்வாகக் கட்டணம் முழுமையாகப் பிடிக்கப்பட்டால், 450 வெள்ளியோடுதான் வெளியே வருகிறார். வட்டி 500 வெள்ளிக்கு ஓடுகிறது. சென்னைப் பூக்காரியின் கையில் வைக்கப்பட்ட 90 ரூபாய் எனக்கு இங்கே நினைவுக்கு வந்தது. இங்கு அது ஒரே நாளில் திருப்ப வேண்டிய பணம் அல்ல, எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது, எல்லை இருக்கிறது. ஆனால் அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பது கையெழுத்துப் போடுபவருக்குத் தெரிந்திருந்தால்தானே அவருக்குப் பயன்? என் மேசைக்கு வந்தவர்களில், அசலுக்கு மேல் கட்டணம் போக முடியாது என்று முன்பே அறிந்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. அது தெரியாத ஒருவர், தவணை தவறியதும் பயந்துபோய், அதை அடைக்கக் கடன் முதலையிடம் போனார். அதன் பிறகு மிரட்டலாக அவர் வீட்டுக் கதவில் சாயம் ஊற்றப்பட்டது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பணம் அனுப்பும் கடைகளின் முன் நம் பிள்ளைகள் நிற்பதைப் பார்க்கலாம். 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் தேதி பேநவ் முறையும் இந்தியாவின் யுபிஐ முறையும் இணைக்கப்பட்ட பிறகு, கைப்பேசியிலிருந்தே ஊருக்குப் பணம் அனுப்பும் வசதி வந்துவிட்டது. அப்படியும் வரிசை குறையவில்லையே என்று ஓர் இளைஞரிடம் கேட்டேன். கடையில் இருப்பவர் தமிழில் பேசி, ரசீதைக் கையில் கொடுத்து, ‘போயிருச்சு தம்பி’ என்று சொல்வதற்காகவே போகிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மணி நேரம் நிற்கிறார்கள் என்பதை வங்கிகள் கவனிக்க வேண்டும்.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த 24 வயது ஊழியர் ஒருவரை, தங்கும் விடுதியில் அறிமுகமான ஒருவர், வங்கிக் கணக்கை ஒரு வாரத்துக்குக் கொடுத்தால் 300 வெள்ளி தருவதாகக் கேட்டிருக்கிறார். “சும்மா கெடக்குற கணக்குதானேம்மா, தப்பா?” என்று அந்தப் பையன் என்னிடம் கேட்டான். கணக்கையோ, அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் விவரங்களையோ பிறருக்குக் கொடுப்போரை எளிதாகத் தண்டிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தங்கள் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்துள்ளன என்பதையும், சிறைக்குப் போக நேரும் என்பதையும், வேலை அனுமதி பறிபோனால் ஏஜென்டுக்குக் கொடுக்க ஊரில் வாங்கிய கடன் அப்படியே நிற்கும் என்பதையும் விளக்கினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. கொடுப்பதற்கு முன் அவன் வந்து கேட்டதற்குக் காரணம், அவனோடு கட்டடத் தளத்தில் வேலை செய்யும் மூத்த ஊழியர் ஒருவர், “அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்” என்று சொல்லி அனுப்பியதுதான். அந்த மூத்த ஊழியருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, பதவி கொடுக்கவில்லை. ஜெயா அருணாசலத்தின் குழுத்தலைவி செய்த வேலையை அவர் தானாகவே செய்துகொண்டிருக்கிறார்.

சிங்கப்பூரில் உதவியே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2004ஆம் ஆண்டு முதல் இயங்கும் சிங்கப்பூர் கடன் ஆலோசனை அமைப்பு, கடனில் மூழ்கியவர்களை வங்கிகளோடு பேசி மீட்க உதவுகிறது. 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஐடா’ என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, பணிப்பெண்களுக்குப் பணத்தைக் கையாளவும் சிறு தொழில் தொடங்கவும் கற்றுத் தருகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான ‘காம்லிங்க் பிளஸ்’ திட்டத்தில் சேர்ந்துள்ளவர்கள் விரும்பி மத்திய சேமநிதியில் போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் இரண்டு வெள்ளி சேர்த்துப் போடுகிறது. குடும்பச் சேவை நிலையங்களும் சமூக சேவை அலுவலகங்களும் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கின்றன. ஒரு வெள்ளிக்கு இரண்டு வெள்ளி என்று நான் சொன்னபோது, அது மோசடியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்ட குடும்பத் தலைவியைப் பார்த்திருக்கிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாரையும் எளிதில் நம்பாதீர்கள் என்று நாம்தான் அவருக்கு ஓயாமல் சொல்லிவருகிறோம். அவர் நம்பும் ஒருவர் சொன்னால்தான் அது அவர் காதில் ஏறும்.

சிறுகடன் நிறுவனம் ஒன்றை இங்கே தொடங்க வேண்டும் என்று நான் கேட்பதாகவும் யாரும் எண்ணிவிடக் கூடாது. ஏழைகளுக்கு உதவுவதாகப் புறப்பட்ட நிறுவனங்களே கடன்மேல் கடனாகத் திணித்து, வசூலுக்கு நெருக்கியதால், 2010ஆம் ஆண்டு அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. குழுவின் கூட்டுப் பொறுப்பு துணையாகவும் இருக்கலாம், தவணை தவறியவளை அண்டை வீட்டாரே அவமானப்படுத்தும் கயிறாகவும் மாறலாம் என்பதை அந்த நிகழ்வு காட்டிவிட்டது. நமக்குத் தேவை பணம் கொடுப்பவர் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்பவர்.

ஆகவே நம் தமிழ் அமைப்புகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் ஒரு காரியத்தை ஏற்றுச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய மண்டபத்தில் ஒருநாள் கருத்தரங்கு வைத்து, மதிய உணவு கொடுத்து அனுப்புவதால் பயன் குறைவு. அதற்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்தவர்களே. அதற்குப் பதிலாக, துப்புரவுப் பணியாளர்களிலிருந்து இருவர், பாதுகாவல் பணியில் இருப்போரிலிருந்து இருவர், ஒவ்வொரு தங்கும் விடுதியிலிருந்தும் இருவர் என்று, ஏற்கெனவே மற்றவர்கள் ஆலோசனை கேட்கும் ஆட்களைக் கண்டறிந்து, கடன் ஒப்பந்தத்தைப் படிப்பது, அட்டையும் டோக்கனும் தடைபட்டால் செய்ய வேண்டியது, கணக்கைக் கேட்பவரிடம் சொல்ல வேண்டிய பதில், எந்தப் பிரச்சினைக்கு எந்த அலுவலகம் என்பவற்றைத் தமிழில் நிதானமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர்கள் யாருடைய மறைச்சொல்லையும் கேட்கக் கூடாது, பிறர் பணத்தைக் கையால் தொடக் கூடாது என்பது முதல் பாடமாக இருக்க வேண்டும். அவர்கள் செலவிடும் நேரத்துக்குப் போக்குவரத்துச் செலவாவது கொடுக்க வேண்டும்; ஏழைகள் மட்டும் எப்போதும் இலவசமாகத் தொண்டு செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அல்ல.

வங்கிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சம்பள நாளுக்கு அடுத்துவரும் வார இறுதியில், இத்தகைய துணையாளரோடு வருபவர்களுக்கென்று ஒரு முகப்பை ஒதுக்கித் தாருங்கள். கட்டணம் பிடிப்பது, அட்டை காலாவதியாவது ஆகியவற்றைப் பற்றிய கடிதங்களின் முதல் பத்தியையாவது நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அச்சிடுங்கள். வரிசை நீளமாக இருக்கிறது என்று அன்று நான் செய்ததை இன்றைய முகப்பு ஊழியர்கள் செய்ய வேண்டிய நிலை வரக் கூடாது.

ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளிதழில் வாரம் ஒருமுறை கால் பக்கம் கிடைத்தால், ஒரு வங்கிக் கடிதத்தையோ கடன் ஒப்பந்தத்தின் ஒரு விதியையோ எடுத்துக்கொண்டு எளிய தமிழில் விளக்கி எழுத நானும், என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற மூவரும் தயாராக இருக்கிறோம். முதல் வாரத்துக்கு, அந்தப் பிளாஸ்டிக் பையில் இருந்த நான்காவது கடிதத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருக்கிறேன். பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு அதைப் பயன்படுத்திக்கொள்ள அந்த அம்மா சம்மதம் தந்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி முகப்பு ஊழியர்,
சிங்கப்பூர்